தாலந்தின் அளவும் வகுப்பறையின் நீதியும்

கற்கும் ஆற்றலில் வேறுபட்ட பிள்ளைகளை ஒரே அறையில் அமர்த்தி ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும்போது, எல்லோருக்கும் ஒரே பாடத்தை ஒரே அளவில் வழங்குவது நீதியா, அவரவர் நிலைக்கேற்ப வழங்குவது நீதியா என்னும் வினா எழுகிறது. இத்தகைய வகுப்பைக் கல்வியியலார் கலப்புத் திறன் வகுப்பு என்பர். ஆயினும் மனிதரிடையே காணும் ஏற்றத்தாழ்வைக் கொடையாகக் கருதுவதா, குறையாகக் கருதுவதா என்ற சமயச் சிந்தனையிலேயே இவ்வினா வேரூன்றியுள்ளது. அரியலூர் மாவட்டத்து வரதராஜன்பேட்டை, கத்தோலிக்கர் மிகுதியாக வாழ்வதும் சலேசிய சபையாரின் தொன் போஸ்கோ பள்ளி அமைந்ததுமான ஊராதலால், அங்கே இவ்வினாவுக்கு விவிலியத்தில் விடை தேடுவது இயல்பே.

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்திலுள்ள தாலந்து உவமையில், தலைவன் தன் பணியாளர் மூவருக்கு அவரவர் திறமைக்கேற்ப ஐந்து, இரண்டு, ஒன்று எனத் தாலந்துகளை, அதாவது பெரும் மதிப்புள்ள பணத்தொகையை, ஒப்படைத்துச் செல்கிறான். ஐந்தைப் பத்தாக்கியவனையும் இரண்டை நான்காக்கியவனையும் அவன் ஒரே சொற்களால் பாராட்டுவது கருதத்தக்கது. ஈட்டிய தொகை அங்கே அளவுகோலாகவில்லை. ஒன்றைப் பெற்றவனோ, தலைவனுக்கு அஞ்சியதால் அதை மண்ணில் புதைத்து வைத்ததாகக் கூறிக் கண்டனம் பெறுகிறான். ஆங்கில வகுப்பில் வாய்திறவாத பிள்ளையும் பெரும்பாலும் அச்சத்தாலேயே தனக்குத் தெரிந்த நான்கு சொற்களைப் புதைத்து வைக்கிறது. அவ்வச்சத்தை ஊட்டியவர் யார் என்று உவமை வினவவில்லை. வகுப்பறை வினவியே ஆகவேண்டும்.

பவணந்தியாரின் நன்னூல் மாணாக்கரை மூவகைப்படுத்தி, முதல் மாணாக்கருக்கு அன்னத்தையும் பசுவையும், இடையருக்கு மண்ணையும் கிளியையும், கடையருக்கு ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றையும் உவமை கூறுகிறது. கொள்பவனின் தன்மையறிந்து கற்பிக்குமாறு ஆசிரியரைப் பணிப்பதும் அந்நூலே என்றாலும், எருமை ஒருநாளும் அன்னமாகாது என்பதால் இவ்வகைப்பாடு பிள்ளையைப் பிறவிக்குணத்தில் நிறுத்திவிடும் இடருடையது. தமிழக அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைப்படுத்தியது; இப்பெயர்கள் ஒரே பூவின் வளர்ச்சிப் படிகளாதலால் மெய்யியல் நோக்கில் நன்னூலின் உவமைகளைவிட மேலானவை. ஆனால் ஆண்டு முழுதும் அரும்பாகவே விடப்படும் பிள்ளைக்கு இவ்வேறுபாட்டால் பயனில்லை.

வரதராஜன்பேட்டை அமைந்த அதே அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவர், தாம் வளர்ந்தபின் தமிழ் கற்றவராதலால், பேச்சுத் தமிழுக்கும் இலக்கியத் தமிழுக்கும் தனித்தனி இலக்கணம் இயற்றினார். தேவைக்கேற்பப் பாடத்தைப் பிரித்தாரேயன்றிக் கற்போரை உயர்ந்தோர், தாழ்ந்தோர் எனப் பிரிக்கவில்லை. அவ்வழியில் ஒரே ஆங்கிலப் பத்தியை வகுப்பு முழுவதும் படித்தபின், ஒரு பிள்ளை சொல்லைப் படத்தோடு பொருத்தவும், மற்றொன்று ஒருவரி விடை எழுதவும், இன்னொன்று கதையைத் தன் சொற்களில் கூறவும் இடமளிக்கலாம். அடுத்த மாதம் இப்பணிகள் கைமாறவும் வேண்டும்.

தவறியபின் தண்டிப்பதைவிடத் தவறு நேராமல் முன்னரே காப்பது மேல் என்பதும், அறிவு, சமயம், அன்பு என்னும் மூன்றே கல்வியின் தூண்கள் என்பதும் சலேசிய சபையை நிறுவிய தொன் போஸ்கோவின் (1815–1888) கொள்கை. மொழி கற்பவர் தவறாமல் கற்க இயலாதாகையால், ஆங்கில வகுப்பில் முன்கூட்டித் தடுக்கவேண்டியது பிழையையன்று, பிழைக்கு அஞ்சும் அச்சத்தையே. பிழையைக் கேட்டு நகைக்கும் வகுப்பில் எத்தனை நிலைகளாகப் பாடத்தைப் பிரித்தாலும் அது நீதியாகாது.