இடிக்கு ஒரு வழி

விதியை நம்புகிறவர் இடிக்குத் தப்ப வழி தேடலாமா? 1755-இல் பாஸ்டன் நகரம் நிலநடுக்கத்தில் குலுங்கியபோது, பிராங்க்ளினின் இடிதாங்கிகள் வானத்து மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கியதே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று தாமஸ் பிரின்ஸ் என்ற பாதிரியார் எழுதினார். கடவுளின் கைக்குத் தப்ப முடியாது என்பது அவர் முடிவு. நம் வள்ளுவரோ 38-ஆம் அதிகாரத்தை ஊழுக்கும் 62-ஆம் அதிகாரத்தை ஆள்வினையுடைமைக்கும் கொடுத்தார். ஒரே நூலில் விதியும் முயற்சியும் எப்படிப் பொருந்தும் என்று உரைகாரர்கள் காலங்காலமாக யோசித்திருக்கிறார்கள். இடியின் மிகை மின்சாரத்திலிருந்து வீட்டுக் கருவிகளைக் காக்க மெயின் போர்டில் இருக்கும் சர்ஜ் புரொடெக்டர் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது என்பது என் கருத்து.

மண்ணுக்கடியில் கிடந்த பழுப்பு நிலக்கரியை மின்சாரமாக்கிய ஊர் நெய்வேலி. அதன் நகரிய வீடுகளுக்கும் ஐப்பசி இடிமழை தப்பாமல் வருகிறது. இடி வீட்டின் மேலேயே விழ வேண்டும் என்பதில்லை; அருகில் எங்கோ விழுந்தாலும் கம்பி வழியே மிகை அழுத்தம் உள்ளே பாயும். சர்ஜ் புரொடெக்டருக்குள் இருப்பது துத்தநாக ஆக்சைடு வில்லை. வழக்கமான 230 வோல்ட்டில் அது மின்சாரத்தை ஏறக்குறைய விடுவதே இல்லை. அழுத்தம் எல்லை மீறியதும் மைக்ரோ நொடிக்கும் குறைவான நேரத்தில் அதன் தடை சரிந்துவிடுகிறது. மின் வெள்ளம் டிவி பக்கம் போகாமல் எர்த் கம்பி வழியே மண்ணில் இறங்குகிறது. அது இடியை எதிர்த்து நிற்பதில்லை, போக வழி விடுகிறது. ஆள்வினையும் இதுதான். வருவதை வராமல் செய்வது நம் கையில் இல்லை. வந்தது எந்த வழியாகப் போக வேண்டும் என்பது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது.

இப்படி வழி தேடுவது இறைநம்பிக்கைக் குறைவு என்பார் உண்டு. மழையை இறைவன் தருகிறான் என்று நம்பியவர்கள்தான் ஏரியின் மிகை நீர் வெளியேறக் கலிங்கும் கட்டினார்கள். அதை யாரும் நாத்திகம் என்று சொல்லவில்லை. நேரடியாக இடி விழுந்தால் இந்தச் சின்னக் கருவி கருகிப்போகுமே, கடைசியில் வென்றது ஊழ்தானே என்பது இதைவிட வலுவான மறுப்பு. கருகலாம், உண்மைதான். பெரிய அடி ஒவ்வொன்றிலும் அந்த வில்லை கொஞ்சம் தேய்கிறது. அதன் ஆயுள் முடியும்போது, பல கருவிகளில், பச்சையாக இருந்த சிறு சாளரம் சிவப்பாகிறது. ஆனால் எல்லை உண்டு என்பதாலேயே முயற்சி வீணாகிவிடாது. நூறு அடியில் தொண்ணூறைத் தாங்கும் வீடும் ஒன்றையும் தாங்காத வீடும் ஒன்றல்ல. ஊழ் வலியது என்று ஒப்புக்கொள்கிறவர்தான் முன்கூட்டியே வழி வெட்டி வைப்பார். வெட்டாமல் இருந்துவிட்டு விதியின் மேல் பழி போடுவது சோம்பல்.

எர்த் சரியில்லாத வீட்டில் எவ்வளவு விலையுயர்ந்த சர்ஜ் புரொடெக்டரும் தன் வேலையை முழுதாகச் செய்ய முடியாது. வழி விட அதற்கு முதலில் மண் வேண்டும். ஆகவே கோடை மழைக்கு முன்பே, கரியும் உப்பும் போட்ட அந்த எர்த் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். சாளரம் சிவந்திருந்தால் கருவியை மாற்றுங்கள். அதன் பிறகு சாமி கும்பிடுங்கள்.