வயதை முந்திய குரல்

ஜாஸ் ஸ்டோனின் முதல் இசைத்தட்டு 2003இல் வந்தபோது அவருக்கு வயது பதினாறு. இங்கிலாந்தில் டெவன் பகுதியில் ஒரு சிற்றூரில் வளர்ந்த பெண். அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையை, பெரும்பாலும் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வந்து பலரும் மறந்துபோன பாடல்களை, மயாமிக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்கும் போய்ப் பாடிப் பதிவு செய்தார். 'தி சோல் செஷன்ஸ்' என்பது தொகுப்பின் பெயர். முகம் பார்க்காமல் கேட்டால் நாற்பதைக் கடந்தவர் என்றுதான் தோன்றும். கைவிடப்பட்டவளின் கசப்பு, அப்படியும் விட்டுப்போகாத பிரியம், பிடித்து வைத்தவனிடமிருந்து விடுபட்ட நிம்மதி எல்லாம் அந்தக் குரலில் இருக்கின்றன. வியப்பைவிட எனக்கு அதிகம் வந்தது கவலைதான். வாழ்க்கை இன்னும் வந்து சேரவில்லை, குரல் மட்டும் முன்னாலேயே வந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் அந்தப் பெண்ணை யார் பார்த்துக்கொள்வார்கள்?

படாத பாட்டைப் பதினாறு வயதில் எப்படிப் பாட முடிகிறது என்று பலரும் கேட்கிறார்கள். சிலர் அதைப் போலி என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சோல் பிறந்தது கறுப்பினத் தேவாலயங்களில். அங்கே குழந்தைகள் தங்கள் துயரத்தைப் பாடுவதில்லை. ஊரின் துயரத்தைப் பெரியவர்கள் பாடக் கேட்டு, கூடவே பாடுகிறார்கள். அரீத்தா ஃபிராங்க்ளின் டெட்ராய்ட்டில் தந்தையின் தேவாலயத்தில் பாடியதைப் பதிவு செய்தபோது அவருக்கு வயது பதினான்கு. வலியின் ஒலியை முதலில் காதுதான் கற்கிறது. அதன் பொருள் பின்னால், சில சமயம் மிகவும் பின்னால், வந்து சேர்கிறது. ஜாஸ் ஸ்டோனுக்கு அந்தத் தேவாலயம் இல்லை. அரீத்தாவின் இசைத்தட்டு இருந்தது. இரண்டும் ஒன்றல்ல. நானூறு ஆண்டுத் துன்பத்தில் விளைந்த இசையை வெளியிலிருந்து ஒருத்தி எடுத்துப் பாடும்போது, அதைச் சொந்தமாகக் கொண்டவர்கள் பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுத்தார்களா என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இங்கே அப்படி ஒருவர் இருந்தார். பெட்டி ரைட். ஸ்டோனைக் கண்டெடுத்து ஒப்பந்தம் செய்த ஸ்டீவ் க்ரீன்பெர்க், அந்தப் பெண்ணை மயாமியில் இவரிடம்தான் கொண்டுவந்து சேர்த்தார். எனக்கு இந்தக் கதையில் ஸ்டோனைவிட ரைட்தான் பெரியவராகத் தெரிகிறார்.

பெட்டி ரைட் 1953இல் மயாமியில் பிறந்தவர். பேச்சு திருந்தாத வயதிலேயே உடன்பிறந்தவர்களோடு 'எக்கோஸ் ஆஃப் ஜாய்' என்ற குடும்பக் குழுவில் காஸ்பெல் பாடத் தொடங்கினார். முதல் இசைத்தட்டு வந்தபோது வயது பதினான்கு. 1971இல், பதினேழு வயதில், 'க்ளீன் அப் உமன்' பாடினார். கணவனைக் கவனிக்காமல் விட்டவள், அவன் இன்னொருத்தி பக்கம் போன பிறகு மற்ற பெண்களுக்குச் சொல்லும் எச்சரிக்கை அந்தப் பாட்டு. பள்ளி வயதுப் பெண் பாட வேண்டியதா என்று யாராவது கேட்டிருக்கலாம். அமெரிக்கத் தரவரிசையில் ஆறாம் இடத்துக்குப் போனது. அதில் கிட்டார் வாசித்தவர் லிட்டில் பீவர். முப்பத்திரண்டு ஆண்டு கழித்து, அதே லிட்டில் பீவர் ஜாஸ் ஸ்டோனின் தொகுப்பிலும் வாசித்தார். அந்தப் பதிவுக்கூடத்தில் பதினாறு வயதுப் பெண்ணுக்கு எதிரே இருந்தவர்கள், பதினேழு வயதில் உலகம் கொண்டாடினால் என்ன ஆகும் என்று பார்த்தவர்கள்.

ரைட்டுக்கு என்ன ஆயிற்று? உடைந்துபோகவில்லை, அதுதான் விஷயம். எண்பதுகளில் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கி, தன் பாடல்களைத் தானே வெளியிட்டார். அவருடைய பழைய பாட்டொன்றின் துண்டை எடுத்து வேறொரு குழு பெரிய வெற்றி கண்டபோது வழக்குப் போட்டு, ராயல்டியில் தன் பங்கை வாங்கினார். பாடத் தெரிந்த பிள்ளைக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித்தர ஆயிரம் பேர் கிடைப்பார்கள். ஒப்பந்தத்தில் எங்கே கையெழுத்துப் போடக்கூடாது என்று, பட்டறிவோடு சொல்ல ஒரு ஆள் கிடைப்பது அபூர்வம்.

அப்படி ஆள் கிடைக்காதவர்களும் உண்டு. ஃபிராங்கி லைமன் 1956இல் பதின்மூன்று வயதில் நாடெங்கும் தெரிந்த பாடகன். அந்தக் குரல்தான் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. மகரக்கட்டு வந்து அந்தக் குரல் போனதும் பையனைத் தேடுவார் இல்லை. போதை மருந்தில் சிக்கி, 1968இல் இருபத்தைந்து வயதில் இறந்தான்.

மகரக்கட்டு ஸ்டீவி வொண்டருக்கும் வந்தது. 1961இல் பதினோரு வயதில் மோட்டவுன் நிறுவனத்தில் சேர்ந்த பார்வையற்ற சிறுவன். இரண்டு ஆண்டில் நாட்டின் முதலிடப் பாட்டு. பிறகு குரல் உடைந்தது, பாடல்கள் ஓடவில்லை, அவனை விட்டுவிடலாமா என்று நிறுவனத்தில் பேச்சு எழுந்தது. அப்போது சில்வியா மாய் என்ற பாடலாசிரியை, நான் அவனோடு உட்கார்ந்து பார்க்கிறேன் என்று முன்வந்தார். கையில் என்னென்ன மெட்டு வைத்திருக்கிறாய் என்று அவனிடமே கேட்டார். அதில் ஒரு துணுக்கிலிருந்து வளர்ந்ததுதான் 1965இல் வந்த 'அப்டைட்'. அவன் சம்பாதித்த ராயல்டியை இருபத்தொரு வயது வரை தொடாமல் தனியே வைக்க ஏற்பாடு இருந்தது. ஊர் ஊராகப் போகும்போது டெட் ஹல் என்ற ஆசிரியர் கூடவே போய்ப் பாடம் நடத்தினார். பணத்துக்கு ஒரு காவல், படிப்புக்கு ஒருவர், குரல் மாறினால் நம்பி உட்கார ஒருவர். பாடும் பிள்ளையைப் பெற்ற எவரும் கேட்க வேண்டியவை இவை என்று நினைக்கிறேன். எனக்கும் அந்த வயதில் பாடுகிற மகள் இருக்கிறாள். அதனால்தானோ என்னவோ, இசை வரலாற்றைப் படிக்கும்போது தரவரிசையைத் தாண்டி இந்த ஏற்பாடுகளில்தான் என் கண் நிற்கிறது.

ஸ்டோனுக்கு வந்த சோதனை வேறு மாதிரி. 2004இல் இரண்டாவது தொகுப்பு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 2007இல் பிரிட் விருது மேடையில் அவர் அமெரிக்க உச்சரிப்பில் பேசினார் என்று சொந்த நாட்டுப் பத்திரிகைகள் கேலி செய்து தீர்த்தன. பத்தொன்பது வயது. வளர்கிற காலத்தில் பெரும்பகுதியை அமெரிக்கர்களோடு கழித்த பெண்ணின் பேச்சு மாறாமல் என்ன செய்யும்? பாட்டில் அந்த உச்சரிப்புக்குக் கைதட்டியவர்களே பேச்சில் அதைப் பொறுக்கவில்லை. எனக்கு அது கொடுமையாகத்தான் படுகிறது. பிறகு பெரிய நிறுவனத்தை விட்டு விலகி, தன் பாட்டைத் தானே வெளியிடும் சொந்த நிறுவனம் தொடங்கினார். பெட்டி ரைட் போன வழி அது.

இதையெல்லாம் சொன்னால், இந்த ஏற்பாடுகள் அமையும் வரை காத்திருந்தால் வாய்ப்பு கைநழுவிப் போகாதா என்று கேட்பார்கள். அரீத்தா பதினெட்டு வயதில் 1960இல் கொலம்பியா நிறுவனத்தில் சேர்ந்தார். ஆறு ஆண்டு ஜாஸ், நாடகப் பாடல்கள் என்று எதை எதையோ பாடவைத்தார்கள். பெரிய பெயர் வரவில்லை. 1967 ஜனவரியில், அட்லாண்டிக் நிறுவனத்துக்கு மாறிய பின், அலபாமாவின் மஸல் ஷோல்ஸில் ஒரு பதிவுக்கூடத்தில் தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் அவரைப் பியானோவில் உட்காரவைத்து, அவர் வழியிலேயே பாடவிட்டார். அந்த ஆண்டுதான் 'ரெஸ்பெக்ட்' வந்தது. அரீத்தாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. கொலம்பியா காலத்துப் பதிவுகளை இன்று எடுத்துக் கேட்டால் குரல் அதேதான், ஒரு குறையும் இல்லை. அவர் எதைப் பாட விரும்புகிறார் என்று கேட்கத்தான் ஏழு ஆண்டு ஆகியிருக்கிறது.