நீரடி மோதலும் தெய்வச் செயலும்

மேட்டூர் அணையின் ஸ்டான்லி நீர்த்தேக்கத்துக்கு அடியில் ஊர்கள் இருக்கின்றன. 1925இல் தொடங்கிய கட்டுமானம் 1934இல் முடிந்து தண்ணீர் தேங்கியபோது, பண்ணவாடி முதலிய காவிரிக் கரை ஊர்களின் மக்கள் மேட்டுக்குப் பெயர்ந்தார்கள். கோயிலும் தேவாலயமும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. அணையின் முழு மட்டம் 120 அடி. கோடையில் மட்டம் 80 அடிக்குக் கீழே இறங்க இறங்க, தேவாலயக் கோபுரமும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் வெளியே தெரியும்; வேடிக்கை பார்க்கக் கூட்டம் வரும். அவை முழுதாகத் தெரியும் நாட்களில் படகுக்கு ஆபத்தில்லை. முப்பதடி ஆழத்தில் கிடக்கும் நாட்களிலும் இல்லை. ஒரு முழத் தண்ணீருக்குள் மறைந்து நிற்கும் நாட்கள்தான் மோசமானவை.

பண்ணவாடித் துறையிலிருந்து தர்மபுரிப் பக்கத்து நாகமரைக்குப் போகும் படகோ, மீன்வளத் துறை உரிமம் பெற்று வலை விரிக்கும் பரிசலோ இப்படி ஒன்றில் மோதினால், அந்த இழப்பு யாருடைய கணக்கில் ஏற வேண்டும்? படகோட்டி, உடைமையாளர், அணை நிர்வாகம், விதி, ஆண்டவன் என்று ஐந்து பெயர்கள் உடனே வாயில் வரும். காப்பீட்டு நிறுவனத்துக்கு இது பணக் கணக்கு. சமயத்துக்கு இது வினைக் கணக்கு. இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது.

சேதம் படகைப் பொறுத்தது. மூங்கில் பிளாச்சுகளை வட்டமாக முடைந்தால் பரிசல். முன்பு அதற்குத் தோல் போர்த்தினார்கள். பிறகு பிளாஸ்டிக் சாக்கு போர்த்தித் தார் பூசினார்கள். அடியில் கல் விளிம்பு இழுத்தால் சாக்கு கிழியும், ஒன்றிரண்டு பிளாச்சு முறியும். பரிசலைக் கரையில் கவிழ்த்துப் போட்டு, ஈரம் கசிந்த இடத்தை விரலால் தடவிக் கண்டுபிடித்து, அங்கிருக்கும் பழைய தாரைச் சுரண்டி எடுப்பார்கள். முறிந்த பிளாச்சுக்குப் பக்கத்தில் புதியதைச் சொருகி, சாக்குத் துண்டை வைத்து, உருக்கிய தாரை ஊற்றித் தேய்த்து வெயிலில் காயவிட்டால் வேலை முடிந்தது. ஃபைபர் படகு இப்படி மசியாது. விரிசலைச் சுற்றித் தேய்த்தெடுத்து, ஃபைபர் பாயும் ரெசினும் அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும். மோட்டார் இருந்தால் புரொப்பல்லர் இலை வளைந்திருக்கும், அச்சும் கோணியிருக்கலாம். பரிசல் செலவு ஒரு வீட்டின் கைக்குள் அடங்கும், இது அடங்காது. காப்பீடு பேச்சுக்கு வருவது இந்த இடத்தில்தான். 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இயந்திரத்தால் ஓடும் கலங்களுக்குக் காப்பீட்டை வலியுறுத்துகிறது. துடுப்பால் ஓடும் பரிசல் அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறது.

ஓடத்தின் சேதத்துக்கு யார் பொறுப்பு என்பதைப் பழைய நூல்களும் யோசித்திருக்கின்றன. மனு தர்ம சாஸ்திரத்தின் எட்டாம் அத்தியாயம் ஓடக்கூலியை வரையறுத்த கையோடு இதையும் சொல்லிவிடுகிறது. ஓடக்காரர்களின் குற்றத்தால் ஓடத்திலுள்ள பொருள் கெட்டால், அவர்கள் அனைவரும் தத்தம் பங்கைப் போட்டு ஈடு செய்ய வேண்டும். தெய்வத்தால் நேர்ந்ததற்குத் தண்டனை கிடையாது. அர்த்தசாஸ்திரம் இன்னும் கறார். ஆள் குறைவாலோ, கருவிக் குறைவாலோ, பழுது பார்க்காமல் விட்டதாலோ ஓடம் அழிந்தால், நாவாய்களுக்குப் பொறுப்பான அரசு அதிகாரியே இழப்பைத் தர வேண்டும். காற்றில் அடிபட்டு வரும் கப்பலைத் தகப்பனைப் போல ஆதரிக்கவும் அதே அத்தியாயம் அவருக்குக் கட்டளையிடுகிறது. வேள்வியும் சகுனமும் அன்றாடமாக இருந்த காலத்து நூல்கள் இவை. ஆனாலும் தார் பூசாத ஓடத்துக்கு அவை தெய்வத்தைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

ஆங்கிலேயச் சட்டம் இதே பிரிவினையை வேறு வழியில் வந்தடைந்தது. லண்டனிலிருந்து அபர்தீனுக்குக் கப்பலில் ஏற்றிய ஒரு பெண் குதிரை, கடல் கொந்தளிப்பிலும் தன் மிரட்சியிலும் அடிபட்டுச் செத்தது. 1876இல் வந்த அந்த வழக்கில், மனிதர் கை கலக்காத இயற்கைக் காரணமும், நியாயமான முன்யோசனையாலும் கவனத்தாலும் தடுக்க முடியாத தன்மையும் சேர்ந்தால்தான் அது தெய்வச் செயல் என்று நீதிமன்றம் வரையறுத்தது. தென்னிந்தியாவில் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே ஒரு வழக்கு பிரிவி கவுன்சில்வரை போயிருந்தது. கார்வேட்டிநகர் ஜமீனின் ஏரிகள் பெருமழையில் உடைந்து மதராஸ் ரயில்வேயின் பாலங்களை அடித்துப் போயின. ரயில்வே நஷ்ட ஈடு கேட்டது. ஏரி வைத்திருப்பது இந்த நாட்டில் பயிருக்கும் உயிருக்கும் வேண்டிய பழைய கடமை. கவனக்குறைவு நிரூபணமாகாதவரை ஜமீன்தார் பொறுப்பல்ல என்று 1874இல் தீர்ப்பானது. தண்ணீரைத் தேக்கியவரே அது செய்யும் எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்ற இங்கிலாந்துக் கொள்கை, ஏரிப் பாசன நாட்டில் அப்படியே செல்லுபடியாகவில்லை.

1963ஆம் ஆண்டின் இந்தியக் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் கடற்பயணத்துக்காக எழுதப்பட்டது. ஆனால் நீர்க்கலக் காப்பீட்டின் சிந்தனை அதில்தான் மிகத் தெளிவாக இருக்கிறது. எதிர்பாராமல் நேரும் விபத்தே கடலின் ஆபத்தாகக் கணக்கிடப்படும். காற்றும் அலையும் வழக்கமாகச் செய்யும் வேலை அதில் சேராது. நாள்பட்ட தேய்மானத்துக்குப் பணம் இல்லை. உடைமையாளர் வேண்டுமென்றே செய்ததற்கும் இல்லை. ஆனால் ஓட்டியவரும் பணியாளரும் கவனக்குறைவாக இருந்ததால் நேர்ந்த இழப்புக்கு, காப்பீடு செய்த ஆபத்து அதன் அண்மைக் காரணமாக இருந்தால், பணம் உண்டு. மனு குற்றம் செய்தவரிடம் வசூலிக்கிறார். காப்பீடு குற்றத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. தவறுவது மனித இயல்பு என்று கண்டிப்பான வணிகர்களே ஒப்புக்கொண்டு எழுதிய ஆவணம் இது.

காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்து சேதத்தைப் பார்க்கும்போது இந்தக் கோட்பாடுகள் எல்லாம் சாதாரணக் கேள்விகளாக இறங்கிவிடுகின்றன. அன்றைய நீர்மட்டம் என்ன, எத்தனை பேர் ஏறினார்கள், இருட்டியிருந்ததா, ஓட்டியவருக்கு உரிமம் உண்டா. விரிசலின் ஓரத்தில் பாசியும் அழுக்கும் படிந்திருந்தால் அது நேற்றைய விரிசல் அல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். மோதிய பிறகு உடைமையாளர் சும்மா இருந்துவிடவும் கூடாது. தண்ணீரை இறைத்து, படகைக் கரைக்கு இழுத்து, சேதம் பெருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாலிசியே எடுக்காத ஒரு விவேகி என்ன செய்வாரோ அதைச் செய்ய வேண்டும் என்பது இந்தத் துறையின் மரபு. பலனில் கண் வைக்காமல் கடமையைச் செய் என்ற கீதை உபதேசத்தை இன்சூரன்ஸ்காரர்கள் இப்படித் தங்கள் வழியில் கண்டடைந்திருக்கிறார்கள்.

மேட்டூரில் இந்த அளவுகோலை வைத்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. மோதிய பொருள் கோயிலே ஆனாலும் மோதல் தெய்வச் செயல் ஆகாது. அந்தக் கோயிலை எழுப்பியதும் மனிதர், அதன்மேல் தண்ணீரைத் தேக்கியதும் மனிதர். அணையின் நீர்மட்டம் நாள்தோறும் நாளிதழில் அடிக்கணக்கில் வருகிறது. எந்த மட்டத்தில் எது தலைகாட்டும் என்பது துறையில் உள்ள பையனுக்கும் தெரியும். தெரிந்த இடத்தில் தெய்வத்தைக் காரணம் காட்ட முடியாது. திடீரென எழும் சூறைக்காற்று படகைத் தள்ளிக் கொண்டுபோய் அங்கே மோதவிட்டால் மட்டும் பேச்சு மாறும்.

ஆக, சட்டம் சொல்லும் தெய்வச் செயல் கடவுளைப் பற்றிய கூற்று அல்ல. மனிதரின் அறிவும் கவனமும் எதுவரை எட்டும் என்று போட்ட எல்லைக்கல். எல்லை நகர நகர அது சுருங்கும். வைசேஷிக தரிசனத்திலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. ஊசி காந்தத்தை நோக்கி நகர்வதற்கும் தீ மேல்நோக்கி எரிவதற்கும் கண்ணுக்குத் தெரியும் காரணம் கிடைக்காதபோது வைசேஷிகர்கள் ‘அதிருஷ்டம்’, அதாவது காணப்படாதது, என்று எழுதினார்கள். காந்தத்தின் காரணம் பிற்காலத்தில் அந்தப் பட்டியலை விட்டு வெளியேறியது. அதே பெயருக்குள் இருந்த வினைக் கொள்கை வெளியேறவில்லை. அது விளக்க வந்தது ஊசியின் அசைவை மட்டுமல்ல, துன்பம் ஏன் இவருக்கு வந்தது என்பதையும்தான்.

அந்தக் கேள்விக்குச் சர்வேயரிடம் விடை இல்லை. அவரிடம் யாரும் கேட்பதும் இல்லை. சைவ சித்தாந்தம் விடை சொல்கிறது. முன்செய்த வினையில் இப்பிறவிக்கென முகந்தெடுத்தது பிராரத்தம். அது தன்னால், பிற உயிரால், தெய்வத்தால் என்று மூன்று வாயில் வழியே வந்து நுகரப்படுகிறது. இதன்படி படகோட்டியின் அசட்டையும் சூறைக்காற்றும் வாயில்களே. வருவது ஒருவரின் வினையே. இதைப் பிடித்துக்கொண்டு ‘எல்லாம் வினை, படகோட்டியைக் கேட்டு என்ன பயன்’ என்று வாதிட்டால் கொள்கை குட்டிச்சுவராகும். ஏனென்றால் படகோட்டி இப்போது செய்த அசட்டை அவருக்கு ஆகாமியம், புதிதாக ஏறும் வினை. வாயில் என்பதால் அவர் பொறுப்பு கழன்றுவிடுவதில்லை. பௌத்தம் வேறு பாதையில் போகிறது. மோலியசீவகன் என்ற துறவி, நேரும் எல்லா அனுபவமும் பழைய வினையாலா என்று கேட்டபோது, புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்கியதாகப் பாலி நூல் சொல்கிறது. பித்தம், கபம், வாதம், அவற்றின் கலப்பு, பருவ மாற்றம், கவனமின்மை, பிறர் தாக்குதல். வினை எட்டாவது, ஒன்றே ஒன்று. காப்பீட்டுப் பத்திரத்தின் விலக்குப் பட்டியலைப் படித்தவருக்கு இந்த அடுக்கு பழகியதாகவே தோன்றும்.

தமிழில் இந்தப் பேச்சு வந்தால் கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டு தப்பாமல் வந்துவிடும். பாறையில் மோதி இரையும் பேராற்றில் நீர் போன போக்கில் போகும் தெப்பம் போன்றது உயிர் என்பது அதன் கருத்து. அந்தத் தெப்பத்துக்கு ஓட்டுபவர் இல்லை, பயணியும் இல்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு பத்துப் பேரை அக்கரை சேர்க்கிறவர் அதைத் தன் வழக்குக்குச் சான்றாகக் காட்ட முடியாது. திருவள்ளுவரிடம் ஊழை மிஞ்சியது இல்லை என்ற அதிகாரமும் உண்டு, முயற்சி ஊழையும் புறங்காணும் என்ற அதிகாரமும் உண்டு. இதை முரண் என்பவர்கள் அவை எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன என்று பார்ப்பதில்லை. ஊழ் அறத்துப்பாலை முடித்து வைக்கிறது. ஆள்வினையுடைமை பொருட்பாலில் வருகிறது. படகைச் சரிசெய்வது பொருட்பால் விவகாரம்.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. வினையின் பயன் செய்தவரையே சேரும் என்றால், முன்பின் தெரியாத ஆயிரம் பேர் பிரீமியம் கட்டி ஒருவரின் இழப்பை எப்படிப் பகிர முடியும்? பகிரப்படுவது எது என்று பார்த்தால் முடிச்சு அவிழும். படகு சாயும்போது வயிற்றில் பிசையும் பயத்தையும், பயணிகள் முன்னால் பட்ட அவமானத்தையும், படகில்லாமல் கரையில் உட்கார்ந்திருந்த நாட்களையும் எந்த நிறுவனமும் வாங்கிக்கொள்வதில்லை. ரெசினுக்கும் கூலிக்கும் ஆன பணம் மட்டுமே பகிரப்படுகிறது. அதுவும் முழுதாக அல்ல, தேய்மானக் கழிவு போக. நுகர்ச்சி கைமாறாதபோது வினைக் கொள்கைக்கு இதில் ஆட்சேபம் இருக்க நியாயமில்லை.

முன்கூட்டிப் பணம் கட்டிவைப்பது கடவுளை நம்பாததன் அடையாளம் என்ற தயக்கம் பல சமயங்களில் இருந்திருக்கிறது. இஸ்லாமிய அறிஞர்கள் எழுப்பிய ஆட்சேபம் வேறு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பச் சொன்ன நபிமொழி அவர்களிடம் இருப்பதால், முன்னெச்சரிக்கையை அவர்கள் குறை கூறவில்லை; நிச்சயமற்ற ஒன்றை விலைபேசுவதையும், அதில் கலந்த சூதையும் வட்டியையுமே குறை கூறினார்கள். பங்காளிகள் ஒருவருக்கொருவர் நன்கொடையாகத் தரும் தகாஃபுல் முறை இந்த ஆட்சேபத்துக்கு மாற்றாக எழுந்தது. மலேசியா 1984இல் அதற்குத் தனிச் சட்டம் இயற்றியது.

நாமக்கல் சமவெளியில் இந்தத் தயக்கத்துக்கு இடமே இல்லை. லாரிக்கு பாடி கட்டுவதும் லாரி ஓட்டுவதும் பிழைப்பாகிப்போன ஊர் அது. புது வண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்குகிறது, கண்ணாடியில் சாமி படம் ஏறுகிறது, அதே நாளில் பாலிசித் தாளும் வண்டிக்குள் போகிறது. மூன்றாம் நபர் பிரீமியம் உயரும்போது லாரி உரிமையாளர்கள் சண்டை போடுவது தொகைக்காக. அது தெய்வ நிந்தனை என்று எவரும் சொன்னதில்லை. எலுமிச்சம்பழம் விபத்து வரக்கூடாது என்பதற்கு, பாலிசி வந்தால் என்ன செய்வது என்பதற்கு. இரண்டுக்கும் போட்டி கிடையாது.

சாலை விபத்தில் சட்டம் இன்னும் ஒரு படி போயிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, உயிரிழப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும், யார் தவறு என்று நிரூபிக்காமலே கேட்டுப் பெறலாம். காரண விசாரணை முடியும்வரை அடிபட்டவர் காத்திருக்க வேண்டியதில்லை. யாருடைய குற்றம், யாருடைய வினை என்ற இரு கேள்விகளும் அங்கே ஒருசேரத் தள்ளி வைக்கப்படுகின்றன. நீர்த்தேக்கத்தில் துடுப்புப் போடும் பரிசல்காரருக்குப் பாலிசியும் இல்லை, சர்வேயரும் இல்லை. சாக்கையும் தாரையும் அவரே வாங்குகிறார். பக்கத்துப் பரிசல்காரர் கவிழ்க்கக் கை கொடுக்கிறார், அடுத்த முறை இவர் அவருக்குக் கொடுக்கிறார்.