தேநீரை மறுத்தவள்

‘கோப்ளின்’ கொரியத் தொடரின் பதினாறாம் பகுதியைப் பார்த்து முடித்தவர்கள் அடுத்து கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “இதே மாதிரி வேற என்ன இருக்கு?” சக ரசிகர்களிடம் பதில் தயாராக இருக்கும். வேற்றுக்கிரகத்திலிருந்து வந்து 400 ஆண்டுகள் பூமியில் வாழ்ந்தவன் ஒரு நடிகையைக் காதலிக்கும் ‘மை லவ் ஃப்ரம் தி ஸ்டார்’. ஒன்பது வால் நரியின் கதையான ‘டேல் ஆஃப் தி நைன் டெயில்ட்’. கோப்ளினில் எமதூதனாக வந்த லீ டாங்-வுக்கும் இதில் இருக்கிறார், அதுவே பாதிப் பேருக்குப் போதும். இறந்தவர்கள் வந்து தங்கும் ‘ஹோட்டல் டெல் லூனா’.

இவற்றில் எதுவும் மோசமான பரிந்துரை இல்லை. ஆனால் சாவில்லாதவன், சாகப்போகிறவள், இருவருக்கும் காதல் என்ற சட்டகத்தை மட்டும் வைத்துத்தான் பெரும்பாலும் இவை கைமாறுகின்றன. தொடர் முடிந்த பிறகும் மனதை விடாமல் பிடித்திருப்பது அந்தச் சட்டகமா? கோப்ளினின் மையத்தில் ஒரு பழைய கேள்வி இருக்கிறது. செத்தவர்களுக்கு மறதி வரமா, தண்டனையா? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு தேடினால் வேறு படங்கள் கைக்கு வரும். (முடிவுகளைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது, இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாசிப்பது நல்லது.)

2016 டிசம்பரில் தொடங்கி 2017 ஜனவரியில் முடிந்த இந்தத் தொடரை எழுதியவர் கிம் உன்-சுக். கொர்யோ காலத்துத் தளபதி கிம் ஷின், தன் அரசனின் ஆணையாலேயே கொல்லப்படுகிறான். மார்பில் பாய்ந்த வாளோடு 900 ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறான். அவன் பெற்ற தண்டனை நினைவு: நேசித்த ஒவ்வொருவரும் சாவதைப் பார்க்க வேண்டும், ஒருவரையும் மறக்கக் கூடாது. அதே வீட்டில் அவனோடு குடியிருக்கும் எமதூதனுக்கு நேர்மாறான தண்டனை. முற்பிறப்பில் என்ன பாவம் செய்தான் என்பது கிடக்கட்டும், தன் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. இறந்தவர்களைத் தன் தேநீர் அறைக்கு அழைத்துவந்து ஒரு கோப்பை தேநீர் கொடுப்பது அவன் வேலை. குடித்தால் இந்தப் பிறவியின் நினைவு முழுதும் அழிந்துவிடும்.

எமதூதனுக்கு நினைவு திரும்பும் இடம்தான் தொடரின் உச்சம். கிம் ஷினைக் கொல்ல ஆணையிட்ட அந்த இளம் அரசன் தானேதான் என்று அவன் அறிகிறான். அதுவரை அவன் சுமந்தது தண்டனையே இல்லை என்று அப்போது தோன்றுகிறது. செய்தது நினைவில் இல்லாதவனை யார், எதற்காகத் தண்டிக்க முடியும்? குற்றம் நினைவுக்கு வந்த நொடியில்தான் அவன் குற்றவாளி ஆகிறான்.

இந்த இடத்தில் மனம் நின்றவர்களுக்கு கிம் யோங்-ஹ்வா இயக்கிய ‘அலாங் வித் தி காட்ஸ்’ படங்கள் இரண்டையும் சொல்ல வேண்டும். 2017இல் ஒன்று, 2018இல் மற்றொன்று. தீயணைப்பு வீரன் ஒருவன் இறந்ததும் 49 நாட்களில் ஏழு நரகங்களின் விசாரணையைக் கடக்க வேண்டும். விசாரிப்பவர்களில் ஒருவன் யோம்ரா. நம் எமனேதான், பௌத்தத்தோடு சீனா வழியாகக் கொரியா போய்ச் சேர்ந்தவன். அனல் பறக்கும் கிராஃபிக்ஸுக்காகத்தான் இந்தப் படங்களைப் பொதுவாகப் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் இரண்டாம் படத்தில் ஒரு செய்தி இருக்கிறது: வழிகாட்டும் மூன்று தூதர்களில் இருவருக்கு முற்பிறவி நினைவை அழித்துவிட்ட யோம்ரா, மூத்தவனான காங்-ரிமுக்கு மட்டும் அழிக்கவில்லை. தான் செய்ததை ஆயிரம் ஆண்டுகள் நினைத்துக்கொண்டே, ஒன்றும் தெரியாத அந்த இருவரோடும் அவன் வேலை செய்ய வேண்டும். கிம் ஷினும் எமதூதனும் குடியிருந்த வீட்டின் கதை அப்படியே இங்கும் இருக்கிறது. காதல் மட்டும் இல்லை.

ஆனால் கோப்ளினுக்கு மிக நெருங்கிய படம் கொரியாவில் எடுக்கப்பட்டதல்ல. ஜப்பானிய இயக்குநர் ஹிரோகசு கொரே-எடாவின் ‘ஆஃப்டர் லைஃப்’, 1998. இதில் பேய் இல்லை, வாள் இல்லை, பின்னணி இசைகூட அதிகம் இல்லை. பழைய பள்ளிக்கூடம் மாதிரி ஒரு கட்டடத்துக்கு, இறந்தவர்கள் திங்கட்கிழமை வருகிறார்கள். புதன்கிழமைக்குள் வாழ்நாளிலிருந்து ஒரே ஒரு நினைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்குள்ள ஊழியர்கள் அதைக் குறைந்த செலவில், அட்டையும் பஞ்சும் வைத்துப் படமாக எடுப்பார்கள். சனிக்கிழமை அது திரையிடப்படும். பார்த்தவர் அந்த நினைவோடு மட்டும் போய்விடுவார், மற்றதெல்லாம் மறைந்துவிடும்.

இதற்காகக் கொரே-எடாவின் குழு சுமார் 500 சாதாரண மனிதர்களிடம் இதே கேள்வியைக் கேட்டது. அவர்களில் சிலர் படத்தில் தங்கள் சொந்த நினைவையே சொல்கிறார்கள். எது நடிப்பு, எது வாழ்க்கை என்று பிரிக்க முடியாது. ஒரு பள்ளி மாணவி டிஸ்னிலேண்டைத் தேர்ந்தெடுக்கிறாள். உன்னைப் போல நிறையப் பேர் அதையே சொன்னார்கள் என்று ஊழியர் ஒருவர் சொல்ல, யோசித்துவிட்டுப் பிறகு தன் அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்ததைச் சொல்கிறாள். சின்ன வயதில் தன் தாத்தா ஞாபகங்களை இழந்து வீட்டாரையே அடையாளம் தெரியாமல் போனதைக் கொரே-எடா கண்டவர். சாகும்போது மனிதர்கள் எல்லாவற்றையும் மறந்துவிடுவார்கள் போலும் என்று அப்போது நினைத்ததாகவும் சொல்லியிருக்கிறார். அந்தச் சிறுவனின் பயத்துக்கு வளர்ந்த மனிதன் கொடுத்த பதில் இந்தப் படம். எல்லாம் போகட்டும், ஒன்று மட்டும் மிஞ்சட்டும்.

சீனத்தில் எமதூதனின் தேநீருக்கு மூதாதை உண்டு. நைஹே பாலத்தருகே மெங்போ என்னும் கிழவி மறுபிறவிக்குப் போகிறவர்களுக்கு மறதிக் கஞ்சி ஊற்றுகிறாள் என்பது அங்கே பரவலான நம்பிக்கை. 2017இல் வந்த ‘எடர்னல் லவ்’ தொடரில், மனிதப் பிறவியில் பட்ட துயரம் தாங்காமல் பாய் சியான் தானே மறதி மருந்தைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறாள். 58 பகுதிகள் கொண்ட தொடரில் அந்த ஒரு முடிவுதான் கோப்ளினுக்கு எதிர்ப்புறத்தில் நிற்கிறது. கோப்ளினில் கிம் ஷினின் காதலியான யூன்-தக், குழந்தைகளைக் காப்பாற்றத் தன் உயிரைக் கொடுத்துவிட்டு, எமதூதன் நீட்டிய கோப்பையை மறுத்துவிடுகிறாள். காதலனை நினைவில் வைத்தபடியே அடுத்த பிறவிக்குப் போகிறாள்.

அழகான முடிவு. பௌத்தம் ஏற்கும் முடிவுதானா என்றால், இல்லை. புத்தர் ஞானம் பெற்ற இரவின் முதல் யாமத்தில் தம் முற்பிறவிகளை நினைவுகூர்ந்தார் என்று பாலி நூல்கள் சொல்கின்றன. பற்று எங்கிருந்து முளைக்கிறது என்று பார்த்து அதை அறுப்பதற்கான அறிவு அது. தமிழில் இதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது, சாத்தனாரின் ‘மணிமேகலை’ காப்பியம். மணிபல்லவத் தீவில் புத்த பீடிகையைத் தொழுத மணிமேகலைக்கு முற்பிறப்பு தெரிகிறது. அப்போது அவள் இலக்குமி. பாம்பின் நஞ்சால் இறந்த கணவன் இராகுலன்தான் இன்று தன் பின்னால் அலையும் உதயகுமரன். அவனைச் சேர்வதற்கு அல்ல, அவனிடமிருந்து விடுபடுவதற்கே அந்த நினைவு அவளுக்குத் தரப்படுகிறது. ஆனாலும் உதயகுமரன் வாளுக்கு இரையானதும் அவள் அழுது அவன் உடலை நோக்கிப் போகிறாள். தூணில் உள்ள கந்திற்பாவை தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. கொள்கையில் அசையாத சாத்தனார், நினைவின் இழுப்பையும் மறைக்காமல் எழுதிவிட்டார். கிம் உன்-சுக் யூன்-தக்குக்கு அந்தத் தடுப்பை வைக்கவில்லை. அதனால் கோப்ளின் இனிக்கிறது. மணிமேகலை இன்னும் ஆழம் போகிறது.

தாய்லாந்தின் அபிசாட்பொங் வீரசேதகுல் இயக்கி, 2010இல் கான் விழாவில் தங்கப் பனை வென்ற ‘அங்கிள் பூன்மி’ இந்தக் கேள்வியை மண்ணோடு சேர்க்கிறது. சிறுநீரக நோயால் சாகக் கிடக்கும் பூன்மியின் சாப்பாட்டு மேசைக்கு இறந்த மனைவி வந்து உட்காருகிறாள். காணாமல் போன மகன் சிவந்த கண்களோடு குரங்கு உருவில் வருகிறான். யாரும் அலறவில்லை. தான் கம்யூனிஸ்டுகளைக் கொன்ற கர்மம்தான் இந்த நோய் என்கிறான் பூன்மி. அந்த வடகிழக்குப் பகுதியில் ராணுவம் 1960களில் தொடங்கி நடத்திய வேட்டையை நாடு மறந்திருக்கலாம், ஒரு கிழவனின் உடல் மறக்கவில்லை. மெதுவாக நகரும் படம். தூக்கம் வருகிற நேரத்தில் போடக் கூடாது.

சமீபத்தில் யாரையாவது பறிகொடுத்தவர் கேட்டால் பரிந்துரையில் கூடுதல் கவனம் வேண்டும். ‘அலாங் வித் தி காட்ஸ்’ முதல் படத்தில் வாய் பேசாத அம்மாவும் மகனும் வரும் கடைசிப் பகுதி, அம்மாவை இழந்தவரை உலுக்கிவிடும். அவருக்கு ஒரு வார்த்தை முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். அவருக்கு ‘ஆஃப்டர் லைஃப்’ போதும், 118 நிமிடம்தான். மற்றவர்களிடம், பிடித்த நடிகர் யார் என்று கேட்பதற்கு முன்னால், கோப்ளினில் எந்த இடத்தில் கண் கலங்கியது என்று கேட்கலாம். தேநீர் அறை என்பவருக்குக் கொரே-எடா. எமதூதன் தன் பெயரை அறிந்த இடம் என்பவருக்குக் காங்-ரிம். கிம் ஷினின் தனிமை என்பவருக்கு ‘ஹோட்டல் டெல் லூனா’வே சரி, ஆயிரம் ஆண்டுக் கோபத்தை இறக்கி வைக்க முடியாத ஜாங் மான்-வோலை அவர் உடனே புரிந்துகொள்வார்.