பிரிபடாத பாகம்

பிள்ளைச்சாவடியில் எனக்குள்ள வீட்டை விற்க உத்தேசித்திருக்கிறேன். இரண்டு படுக்கையறை, கூடம், சமையலறை, கிழக்கே ஒரு பால்கனி. மூன்றாவது மாடி. கிழக்குக் கடற்கரைச் சாலை கூப்பிடு தூரம். பல்கலைக்கழகம் பக்கத்தில். நல்ல இடம் என்கிறார்கள். இந்த 'நல்ல' என்பதில் என்ன இருக்கிறது என்று யோசிக்கப் போய்த்தான் இதை எழுத நேர்ந்தது.

நான் வாங்கியபோது பால்கனிக்கும் கடலுக்கும் நடுவே தென்னைகள், மீனவர் வீடுகள் ஒரு வரிசை, வலை காயும் மணல். கடல் துண்டுதுண்டாகத்தான் தெரியும். இப்போது முழுசாகத் தெரிகிறது. நடுவே இருந்தவற்றில் பலவற்றைக் கடல் கொண்டுபோயிற்று. தரகர் பாஷையில் இதற்குப் பெயர் 'ஸீ வியூ'. விலை ஏறியிருக்கிறது.

கடல் தானாக வரவில்லை. இந்தக் கரையில் மணல் வருஷத்தில் பெரும்பகுதி வடக்கே நகரும், வாடைக்காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். மொத்தக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். 1980களில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் அந்த நடையை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே கரை பட்டினி கிடந்தது. நகரத்தைக் காக்கக் கல் கொட்டினார்கள். கல் போட்ட இடம் பிழைத்தது, அரிப்பு அடுத்த குப்பத்துக்குப் போயிற்று. அங்கும் கல். இப்படி ஊர் ஊராக வடக்கே கைமாறி வந்ததுதான் எங்கள் வாசலில் நிற்கிறது. ஒருவனுடைய பாதுகாப்பு இன்னொருவனுடைய சேதம் என்பதற்கு இதைவிட ஸ்தூலமான உருவம் நான் கண்டதில்லை.

ஸிஸரோ கி.மு. 44இல் எழுதிய 'கடமைகள்' நூலின் மூன்றாம் பகுதி வீடு விற்பவனைப் பற்றியது என்றே சொல்லலாம். குறையுள்ள வீட்டை விற்கிறவன் குறையைச் சொல்ல வேண்டுமா? ஸ்டோயிக்குகளான டயோஜெனிஸும் அவர் சிஷ்யர் ஆன்டிபேட்டரும் இதில் பிரிகிறார்கள். சொல்லாமலிருப்பது வேறு, மறைப்பது வேறு என்பது குருவின் கட்சி. சிஷ்யர் ஒப்பவில்லை. ஸிஸரோ சிஷ்யர் பக்கம். அதே பகுதியில் ஸிராக்யூஸ்காரன் ஒருவன் கதையும் வருகிறது: தன் தோட்டத்தை விற்க, வாங்க வருபவன் கண்ணெதிரே மீன் பிடிக்கும்படி செம்படவர்களை ஏற்பாடு செய்கிறான். வாங்கியவன் மறுநாள் பார்க்கிறான், ஒரு படகு இல்லை. இன்று செம்படவர்களுக்கு ஏதாவது பண்டிகையா என்று பக்கத்து வீட்டில் விசாரிக்கிறான். எனக்கு அந்தச் சிரமம் இல்லை. இங்கே மீனவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள், படகை நிறுத்தத்தான் இடமில்லை.

சட்டம் எனக்குச் சாதகம். 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி, வாங்குபவன் சாதாரணக் கவனத்தோடு கண்டுபிடிக்க முடியாத குறையைத்தான் விற்பவன் சொல்லக் கடமைப்பட்டவன். கடலை யார் கண்டுபிடிக்க வேண்டும்? அது பால்கனிக்கு எதிரேதான் இருக்கிறது. கொச்சிக்கருகே மரடுவில், கரையோர விதியை மீறியவை என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, 2020 ஜனவரியில் நான்கு அடுக்குமாடிகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அங்கே கட்டிடம் நீரை நெருங்கிற்று. இங்கே நீர் கட்டிடத்தை நெருங்குகிறது. விதியோ உயர் அலைக் கோட்டிலிருந்து தூரத்தை அளக்கிறது. கோடே நடந்து வந்தால் யார் மீறியதாகக் கொள்வது?

பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். மனையில் எனக்குள்ளது 'பிரிபடாத பாகம்'. எது என் மண் என்று யாரும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. ஆகவே கடல் ஒரு முழம் தின்றால் அது என்னுடையது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் முடியாது. கீழே இருந்த வரிசையில் வீடு இழந்தவருக்கு இந்தத் தத்துவச் சௌகரியம் கிடையாது. அவர் வலை உலர்த்திய மணல் யார் பத்திரத்திலும் இருந்ததில்லை. ஆகையால் அவரிடம் விற்கவும் எதுவுமில்லை. அவர் இழந்த வெளியைத்தான் நான் காட்சி என்று விலை பேசுகிறேன். உள்ளே உறுத்துவது இதுதான், 55ஆம் பிரிவு அல்ல.

வீடு பார்க்க வந்தவர் இளைஞர், நல்ல உத்தியோகம். பால்கனியில் நின்று, "கடல் இவ்வளவு கிட்டவா ஸார்!" என்றார்.

"வருஷா வருஷம் இன்னும் கிட்ட வருது" என்றேன்.

அவர் சிரித்தார். நான் உண்மையைத்தான் சொன்னேன். அவர் காதில் அது விளம்பரமாக விழுந்தது. சொன்னேனா, மறைத்தேனா? விற்பவன் வாயில் உண்மைகூடச் சரக்காகிவிடுகிறது. ஆன்டிபேட்டருக்கு இது தோன்றியதாகத் தெரியவில்லை. கீழே அழைத்துப் போனேன். கல் குவியலையும், சுவர் பாதியாகத் தொங்கும் ஒரு வீட்டையும் காட்டினேன். போட்டோ எடுத்துக்கொண்டார்.

ஆவணியிலேயே பதிவை முடிக்கலாம் என்கிறார். ஐப்பசி, கார்த்திகை கழியட்டும், கடலை அப்போது ஒருமுறை வந்து பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். விலையைக் கூட்டத்தான் இழுக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. நேற்று போன் செய்து இரண்டு லட்சம் சேர்த்துத் தருவதாகச் சொன்னார்.