ஒரே கல், இரு வேலை

தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்தில் ஒரே கல்லில் செதுக்கிய இசைத் தூண்கள். ஆற்றில் அடுக்கிய கல் நெல்லாகிறது. மண்டபத்தில் நிற்கும் கல் நாதமாகிறது.

மடையைத் திறக்கும் விவசாயி, அணை கட்டியவரை நினைப்பதில்லை. நினைக்க வைக்காமல் வேலை செய்வதே தொழில்நுட்பத்தின் வெற்றி. தூணைத் தட்டிவிட்டுக் காதை ஒட்டி வைப்பவரோ, அதிர்வு அடங்கும்வரை மூச்சைக்கூட மெல்ல விடுகிறார். அப்படி நிற்க வைப்பதே கலையின் வெற்றி.

செய்தவரையும் இவை சும்மா விடவில்லை. அணை கட்டியவர் ஆற்றின் வேகத்தைப் படித்தார். தூண் வடித்தவர் கல்லின் மௌனத்தைப் படித்தார். கல்லை உளி செதுக்கிய அளவுக்கு, உளி பிடித்தவரையும் கல் செதுக்கியது.

இன்று ஒரு விரல் அசைவில் பாட்டு வருகிறது. வயலில் மோட்டார் ஓடுகிறது. நேரம் மிச்சம்தான். மிச்சமான நேரத்தில் நாம் எதைச் செதுக்குகிறோம்?

கருவி கைக்கு ஓய்வு தரும். கலை மனத்துக்கு வேலை தரும். இரண்டும் வேண்டும். வயலுக்கு நீர் பாய்ந்த ஊரில்தான் தூணும் பாடியது.