செம்பும் பொன்னும்

திருவனந்தபுரம் வலியசாலையைச் சார்ந்த அன்பர் ஒருவர் நமக்கு ஒரு வினா விடுத்துள்ளார். “இரசவாதி செம்பைப் பொன்னாக்குவதுபோலத் தம்மம் நம்மைப் பொன்னாக்கிற்று எனக் கூட்டங்களில் பேசுகின்றனர். அங்ஙனமாயின், சரணம் புகுமுன் நாம் செம்பாகவோ இருந்தோம்?” என்பதே அவ்வினா. சிறியதாகத் தோன்றினும் இது நம் தன்மதிப்பைத் தொடும் வினாவாகும்.

பாதரசத்தைக் கட்டி, அதன் வலிமையால் தாழ்ந்த உலோகங்களைப் பொன்னாக்கலாம், உடலையும் அழியாததாக்கலாம் என்று கூறுவதே இரசவாதம். இக்கலையைப் பலரும் நாகார்ச்சுனர் பெயரோடு இணைப்பர். அவர் கற்களின்மேல் மருந்து தெளித்துப் பொன்னாக்கி, மடாலயம் கட்டப் பொருளின்றி வருந்திய அரசனுக்கு உதவினார் என்னும் கதையை, ஏழாம் நூற்றாண்டில் பாரதம் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங் குறித்துள்ளார். ஆயினும் நாகார்ச்சுனர் என்ற பெயரில் பலர் வாழ்ந்தனர். 1928-இல் திருவனந்தபுரத்தில் அச்சேறிய ‘ரசவைசேஷிக சூத்திரம்’ பதந்த நாகார்ச்சுனர் இயற்றியது. அந்நூலில் ரசம் என்பது பாதரசமன்று. மருந்துப் பொருள்களின் சுவையே. பெயரையும் சொல்லையும் மட்டும் கண்டு மயங்குதல் ஆகாது.

சித்தர் நூல்களில் வரும் இரசவாதச் சொற்களுக்கு அகப்பொருள் கூறுவோரும் உளர். நில்லாது ஓடும் பாதரசம் அலையும் மனம். அதனைக் கட்டுதல் மனத்தை ஒருநிலைப்படுத்துதல் என்பர். இவ்வுரை நமக்கும் உடன்பாடே. புறப்பொருளோ பயன்படவில்லை. பாதரசம் நஞ்சு என்பதை இன்று யாவரும் அறிவர். அணுவின் கருவைத் தாக்கினாலன்றி ஓர் உலோகம் மற்றோர் உலோகமாகாது. 1941-இல் அமெரிக்க அறிஞர் அம்முறையில் பாதரசத்திலிருந்து பெற்ற பொன்னும் சின்னாட்களிலேயே சிதைந்து மறையும் இயல்பினதாயிற்று.

மனம் பாதரசமெனில், செம்பு எது? இங்கேதான் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். பகவான் புத்தர் இரசவாதியை உவமை காட்டவில்லை, பொற்கொல்லனையே காட்டினார். இரும்பு, செம்பு, வெள்ளீயம், காரீயம், வெள்ளி ஆகிய ஐந்தும் பொன்னின் மாசுகள் என்றும், இவை கலந்த பொன் ஒளி குன்றி எளிதில் உடையும் என்றும் அங்குத்தர நிகாயம் கூறும். அவ்வாறே காமவேட்கை, பகைமை, சோம்பல், மனக்கொந்தளிப்பு, ஐயம் ஆகிய ஐந்தும் மனத்தின் மாசுகள். எனவே செம்பு என்பது எந்தக் குலத்தின் பெயருமன்று; எவர் உள்ளத்திலும் கலக்கக்கூடிய மாசின் பெயர். அக்கிரகாரத்தில் பிறந்தார்க்கும் சேரியில் பிறந்தார்க்கும் அது பொதுவன்றோ?

இதனை மறந்த சமுதாயம் பிறப்பையே உலோகமாக்கிற்று. வலியசாலை மகாதேவர் கோயிலோடு ஆராய்ச்சியாளர் பலர் தொடர்புபடுத்தும் காந்தளூர்ச்சாலையை முன்மாதிரியாகக் கொண்டு, பார்த்திவசேகரபுரத்தில் ஒரு கல்விச்சாலை நிறுவப்பட்டதை 866-ஆம் ஆண்டுச் செப்பேடு தெரிவிக்கிறது. அங்கே 95 மாணவர்க்குரிய இடங்கள் வேதக் கிளைகளைச் சார்ந்தோர்க்கே பங்கிடப்பட்டன. பிறர் கற்கும் தகுதியை எவர் உரைத்துப் பார்த்தார்? மத்தியமக நெறி கண்ட நாகார்ச்சுனரோ, எப்பொருளுக்கும் மாறாத தன்னியல்பு இல்லை என்று நிறுவினார். மாறாத இயல்பு உண்டெனில் மாற்றமே நிகழாது. மாற்றம் நிகழாதெனில் அறமும் முயற்சியும் வீணாகும். பிறவியால் தாழ்ந்தவர் என்னும் கொள்கை இவ்வாதத்தின் முன் நில்லாது.

செம்பு பொன்னான கதை நம்மவரையும் வேறு வகையில் வருத்துகிறது. திரிசரணம் ஏற்ற அன்றே யாவும் மாறிவிடும் என எண்ணுகிறோம். ஓராண்டு சென்றபின் கோபம் தணியவில்லை, குடி விடவில்லை, நமக்குள்ளேயே உயர்வு தாழ்வு பேசும் நாவும் அடங்கவில்லை எனக் கண்டு, தம்மம் பொய்த்தது என்று சோர்கிறோம். அண்டை வீட்டாரோ, “பூசிய பொன் உதிர்ந்தது” என்று நகைக்கின்றனர். இரு சாராரும் இரசவாதத்தையே நம்புகின்றனர்.

பண்டிதர் அயோத்திதாசர் 1898-இல் சாக்கிய பௌத்த சங்கம் கண்டபோது, பௌத்தத்தை நமக்குப் புதிதாக வந்ததாக அவர் கூறவில்லை. நம் முன்னோர் நெறி என்றே கூறினார். 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் தம்மை நாடி வந்தோர்க்கு 22 உறுதிமொழிகள் அளித்தார். அன்றே அனைவரும் பொன்னாகிவிட்டனர் எனில், உறுதிமொழி எதற்கு? நாள்தோறும் காக்க வேண்டிய ஒன்றுக்கே உறுதிமொழி தேவை.

ஆகவே, அன்பருக்கு நாம் கூறும் விடை இது: நாம் செம்பாக இருந்ததில்லை. ஆயினும் மாசற்ற பொன்னாகவும் இல்லை. சரணம் புகுந்த நாள் உலை மூட்டிய நாளேயாகும். பொற்கொல்லன் ஒரே ஊதலில் மாசனைத்தையும் போக்குவதில்லை. முதலில் பருமணலையும், பின்பு நுண்மணலையும், அதன்பின் கண்ணுக்குப் புலப்படாத கலப்பையும் நீக்குகிறான். பஞ்சசீலம் அவ்வுலை; விழிப்புணர்வு அதன் துருத்தி. இனிக் கூட்டங்களில் பேசுவோர் இரசவாதியை விடுத்துப் பொற்கொல்லனை உவமை கூறுவாராக. அது உண்மைக்கும் பொருந்தும். கேட்போரின் மானத்தையும் காக்கும்.